ஜோசப் பிராமா

ஜோசப் பிராமா (ஏப்ரல் 13, 1748 – டிசம்பர் 9, 1814) இங்கிலாந்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் பொறியாளரும் பூட்டு வடிவமைப்பாளரும் ஆவார். நீர்மத்தின் அழுத்தத்தைக் கொண்டு சிறிய விசையைப் பெரிய விசையாக மாற்றும் நீரியல் அழுத்தியை உருவாக்கி, 1795 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமம் பெற்றவர் இவர். எளிதில் திறக்க முடியாத பூட்டு, மேம்படுத்தப்பட்ட நீர்க் கழிப்பறை, பணத்தாள்களில் எண் அச்சிடும் பொறி முதலியவையும் இவரது ஆக்கங்களாகும். வில்லியம் ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்த்து நீரியல் பொறியியலின் தந்தையருள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.

இன்று வாகனப் பட்டறைகளிலும் வீடுகளிலும் மகிழுந்தைத் தூக்கப் பயன்படும் தரை ஜாக்கி, பிராமாவின் அழுத்தியிலிருந்து வந்த கருவியே. ஒரு மனிதர் ஒரு கையால் ஒரு டன் எடையைத் தூக்க முடிவது அந்த அழுத்தியின் வலிமை. அதன் உள்ளிருக்கும் நீர்மம் கசிந்தால் தூக்கிய எடை இறங்கிவிடும் என்பது அதன் குறை. இந்த இரண்டும் பிராமாவின் பட்டறையிலேயே அறியப்பட்டிருந்தன.

இளமைக்காலம்

பிராமா இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பார்ன்சுலி நகருக்கு அருகிலுள்ள ஸ்டெயின்பரோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் பிரம்மா ஓர் உழவர். தாய் மேரி டெண்டன். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பிற்காலத்தில் மகன் மாற்றிக்கொண்டார். அருகிலிருந்த சில்க்ஸ்டோன் ஊர்ப் பள்ளியில் இவர் கல்வி கற்றார்.

தந்தையின் பண்ணையிலேயே உழைப்பது இவரது வாழ்க்கையாக இருந்திருக்கக்கூடும். ஆனால் இளம் வயதில் கணுக்காலில் ஏற்பட்ட காயத்தால் வயல் வேலைக்கு இவரது உடல் இடங்கொடுக்கவில்லை. எனவே உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பயிற்சி முடிந்ததும் இலண்டன் சென்று மரச்சாமான் செய்யும் தச்சராக வேலையில் அமர்ந்தார். முறையான பொறியியல் கல்வி எதையும் இவர் பெற்றதில்லை. அக்காலத்தில் அத்தகைய கல்வியை அளிக்கும் நிறுவனங்கள் இங்கிலாந்தில் அரிதாகவே இருந்தன. மரத்தையும் உலோகத்தையும் கையாண்டு பெற்ற அறிவே இவரது மூலதனமாக அமைந்தது.

1783 இல் பார்ன்சுலிக்கு அருகிலுள்ள மேப்பிள்வெல் ஊரைச் சேர்ந்த மேரி லாட்டனை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகளும் நான்கு மகன்களும் பிறந்தனர். குடும்பம் முதலில் இலண்டனின் பிக்கடிலி தெருவில் 124 ஆம் எண் வீட்டில் வாழ்ந்தது. பின்னர் பிம்லிக்கோ பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

நீர்க் கழிப்பறை

இலண்டனில் பிராமா செய்த வேலைகளுள் ஒன்று வசதி படைத்தோர் வீடுகளில் நீர்க் கழிப்பறைகளைப் பொருத்துவது. 1775 இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமம் பெற்ற வடிவமே அப்போது புழக்கத்தில் இருந்தது. அதன் அடிப்பகுதியில் பக்கவாட்டில் நகரும் ஒரு தட்டு வால்வாகச் செயல்பட்டது. குளிர்காலத்தில் நீர் உறைந்தபோது இத்தட்டு இறுகிக்கொண்டது.

நகரும் தட்டுக்குப் பதிலாகக் கீல் பொருத்திய மூடியை அமைத்தால் இந்தத் தொல்லை நீங்கும் என்று கண்டறியப்பட்டது. இம்மாற்றத்தை முதலில் செய்தவர் பிராமாவுக்கு வேலை கொடுத்திருந்த ஆலன் என்பவர் என்று கூறப்படுகிறது. எனினும் 1778 இல் காப்புரிமம் பெற்றவர் பிராமாவே. இதுவே அவரது முதல் காப்புரிமம் ஆகும். இலண்டனின் டென்மார்க் தெருவில் பட்டறை அமைத்துக் கழிப்பறைகளைச் செய்யத் தொடங்கினார். அவை நல்ல விற்பனை கண்டன. 19 ஆம் நூற்றாண்டிலும் உற்பத்தி நெடுங்காலம் தொடர்ந்தது.

நீரைக் கசியவிடாமல் அடைத்து வைப்பது எப்படி என்பதே இக்கருவியின் மையச் சிக்கல். ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்குப் பின், பன்மடங்கு உயர்ந்த அழுத்தத்தில், இதே சிக்கலைப் பிராமா மீண்டும் எதிர்கொள்ள நேர்ந்தது.

பிராமா பூட்டு

பூட்டுகளின் தொழினுட்பம் பற்றிய சில சொற்பொழிவுகளைக் கேட்ட பிராமா, அப்போதைய பூட்டுகளின் பலவீனத்தை உணர்ந்து புதிய வகைப் பூட்டு ஒன்றை வடிவமைத்தார். இதற்கு 1784 இல் காப்புரிமம் பெற்றார். இதன் திறவுகோல் தட்டையானதன்று. சிறிய குழாய் வடிவிலானது. குழாயின் நுனியில் வெவ்வேறு ஆழங்களில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். திறவுகோலை உள்ளே அழுத்தும்போது ஒவ்வொரு பள்ளமும் பூட்டினுள் உள்ள ஒரு நகர்தகட்டைக் குறிப்பிட்ட தொலைவுக்குத் தள்ளும். எல்லாத் தகடுகளும் தத்தமக்குரிய இடத்தில் மிகச் சரியாக நின்றால் மட்டுமே பூட்டு சுழன்று திறக்கும்.

1790 இல் இவரது பிக்கடிலி கடையின் சன்னலில் 18 நகர்தகடுகள் கொண்ட பூட்டு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. திறவுகோல் இன்றி அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அதனுடன் அறிவிக்கப்பட்டிருந்தது. இப்பூட்டின் தகடுகளை 47 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் அமைக்கலாம். பிராமாவின் வாழ்நாளில் எவராலும் அதைத் திறக்க இயலவில்லை. 1851 இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின் காலத்தில், அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் சார்லசு ஹாப்ஸ் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவியிருந்த 51 மணிநேர உழைப்பு அதற்குத் தேவைப்பட்டது. இப்பூட்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஹென்றி மாட்சிலேயும் பட்டறையும்

பூட்டை வடிவமைப்பது ஒரு வேலை. அதை நியாயமான விலையில், பிழையின்றி, எண்ணற்ற படிகளாகச் செய்வது வேறு வேலை. கைத்திறனை மட்டும் நம்பி அத்தகைய நுண்ணிய பாகங்களைச் செய்ய முடியவில்லை. எனவே 1789 இல் ஹென்றி மாட்சிலே என்னும் இளைஞரைப் பிராமா வேலைக்கு அமர்த்தினார். வூல்விச் படைக்கலச் சாலையில் வேலை பழகிய மாட்சிலேக்கு அப்போது வயது 18. பூட்டின் பாகங்களை ஒரே சீராக வெட்டவும் அராவவும் உதவும் பொறிகளை இருவரும் உருவாக்கினர். பொருட்களைச் செய்யும் பொறிகளை முதலில் துல்லியமாகச் செய்துகொள்ள வேண்டும் என்னும் கருத்து இப்பட்டறையில் வேரூன்றியது.

மாட்சிலே விரைவில் பட்டறையின் தலைமைப் பணியாளராக உயர்ந்தார். வாரத்துக்கு 30 சில்லிங் ஊதியம் பெற்றுவந்த அவர் 1797 இல் ஊதிய உயர்வு கேட்டார், பிராமா மறுத்தார். மாட்சிலே விலகித் தமக்கெனப் பட்டறை அமைத்து, இங்கிலாந்தின் தலைசிறந்த கருவி செய்வோருள் ஒருவரானார். தம்மிடம் இருந்த மிகச் சிறந்த கைவினைஞரைச் சில சில்லிங்குகளுக்காகப் பிராமா இழந்தார் என்றே பின்வந்தோர் கருதுகின்றனர். பிற்காலத்தில் சார்லசு பாபேஜின் கணக்கிடும் பொறிக்குப் பாகங்கள் செய்த ஜோசப் கிளெமெண்டும் பிராமாவின் பட்டறையில் பணியாற்றியவரே.

நீரியல் அழுத்தி

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரான்சு நாட்டு அறிஞர் பிலைசு பாஸ்கல் இதை விளக்கி எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1663 இல் வெளியானது. ஒரு சிறிய உந்துதண்டையும் ஒரு பெரிய உந்துதண்டையும் நீரால் இணைத்தால் விசையைப் பெருக்கலாம் என்பது இந்நூலிலேயே கூறப்பட்டுள்ளது. எனினும் ஏறத்தாழ 130 ஆண்டுகள் இக்கருத்து நடைமுறைப் பொறியாக மாறவில்லை.

கணக்கு எளியது. சிறிய உந்துதண்டின் விட்டம் 1 சென்டிமீட்டர், பெரியதன் விட்டம் 5 சென்டிமீட்டர் என்க. பரப்பளவு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் பெரியது சிறியதைப் போல் 25 மடங்கு பரப்புடையது. சிறியதன்மேல் 20 கிலோகிராம் எடைக்குரிய விசையைக் கொடுத்தால், உராய்வை நீக்கிப் பார்க்கையில் பெரியது 500 கிலோகிராமைத் தாங்கித் தூக்கும். ஆனால் ஆற்றல் எங்கிருந்தும் புதிதாகக் கிடைப்பதில்லை. பெரிய உந்துதண்டு 1 சென்டிமீட்டர் உயர, சிறியது மொத்தம் 25 சென்டிமீட்டர் நகர வேண்டும். விசையில் கிடைக்கும் ஆதாயம் தொலைவில் இழக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் அடிக்கப்படும் பம்பும், உட்சென்ற நீர் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வும் இப்பொறிக்குத் தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

பிராமா 1795 இல் இதற்குக் காப்புரிமம் பெற்றார். ஆனால் செய்து பார்த்தபோது பெருந்தடை ஒன்று எழுந்தது. உந்துதண்டு உருளைக்குள் தடையின்றி நகர வேண்டும். அதே வேளையில் இரண்டுக்கும் இடைப்பட்ட சந்து வழியே நீர் வெளியேறவும் கூடாது. சணலையும் பிற பொருட்களையும் திணித்து இறுக்கினால் கசிவு நின்றது. ஆனால் உந்துதண்டும் நின்றது. தளர்த்தினால் உந்துதண்டு நகர்ந்தது. ஆனால் நீர் பீறிட்டது.

இதற்குத் தீர்வு தோலால் ஆன ஒரு கசிவுத் தடுப்பு வளையத்தில் கிடைத்தது. குழிவான விளிம்புடைய அவ்வளையத்தின் குழிப்புறம் அழுத்தமுள்ள நீரை நோக்கி இருக்குமாறு பொருத்தப்பட்டது. நீரின் அழுத்தம் கூடக்கூட அது தோலின் விளிம்பை விரித்து உந்துதண்டின்மீது மேலும் இறுக்கியது; அழுத்தம் நீங்கியதும் தோல் தளர்ந்து உந்துதண்டை விட்டது. கசிவை உண்டாக்கும் அழுத்தமே கசிவை அடைக்கும் ஆற்றலாகவும் ஆனது. இவ்வளையத்தை உருவாக்கியவர் மாட்சிலே என்று பரவலாகக் கருதப்படுகிறது. இன்றைய நீரியல் கருவிகளில் தோலின் இடத்தைச் செயற்கை இரப்பரும் நெகிழியும் பிடித்துள்ளன, அடிப்படை மாறவில்லை.

பஞ்சு, வைக்கோல் போன்றவற்றைப் பொதிகளாக அழுத்தவும், வித்துகளிலிருந்து எண்ணெய் பிழியவும், காகிதம் செய்யவும், சங்கிலிகளின் வலிமையைச் சோதிக்கவும், பெரும் எடைகளைத் தூக்கவும் இவ்வழுத்தி பயன்பட்டது. ஆங்கிலத்தில் இது பிராமா அழுத்தி என்றே வழங்கலாயிற்று.

ஜேம்ஸ் வாட்டுடன் முரண்பாடு

நீராவிப் பொறியை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி மாத்தியூ போல்ட்டனும் தம் காப்புரிமத்தைக் காக்கப் பிற பொறியாளர்மீது வழக்குத் தொடுத்தனர். ஹார்ன்புளோவர், மேபர்லி ஆகியோர்மீதான வழக்கில் பிராமா எதிர்த்தரப்புச் சாட்சியானார். வாட்டின் விவரக்குறிப்பு, அதைப் படித்து ஒருவர் பொறியைச் செய்யும் அளவுக்குத் தெளிவாக இல்லை என்பது அவரது வாதம். நீதிபதி சர் ஜேம்ஸ் ஐருக்கு எழுதிய மடலாக இவ்வாதத்தை 1797 இல் நூல் வடிவில் வெளியிட்டார். வழக்கில் வாட்டின் தரப்பே வென்றது. நீராவிப் பொறியின் வரலாற்றில் பிராமா தவறான பக்கம் நின்றார் என்போர் உளர். ஆயினும் காப்புரிமம் பெறுபவர் தம் கண்டுபிடிப்பைப் பிறர் புரிந்து செய்யும் வண்ணம் வெளியிட வேண்டும் என்ற கருத்து இன்றும் காப்புரிமச் சட்டங்களின் அடிப்படையாக உள்ளது.

பிற கண்டுபிடிப்புகள்

1778 முதல் 1812 வரை பிராமா 18 காப்புரிமங்களைப் பெற்றார். அவற்றுள் சில வருமாறு:

1785 இல் பெற்ற காப்புரிமத்தில், கப்பலின் பின்புறம் நீருக்குள் சுழலும் உந்தியைக் கொண்டு கப்பலைச் செலுத்தும் யோசனை இடம்பெற்றது.
1797 இல் நிலவறையிலுள்ள பீப்பாயிலிருந்து பீரை மேலே இறைக்கும் கைப்பம்பு.
1802 இல் மரப்பலகைகளை இழைக்கும் பொறி. இது வூல்விச் படைக்கலச் சாலையில் நிறுவப்பட்டது.
1805 இல் காகிதம் செய்யும் முறையில் மேம்பாடுகள்.
1806 இல் பணத்தாள்களில் தொடர் எண்களை அச்சிடும் பொறி. இங்கிலாந்து வங்கி இதைப் பயன்படுத்தியதால், எண்களைக் கையால் எழுதிவந்த எழுத்தர் பலரின் உழைப்பு மிச்சமானது.
1809 இல் ஒரே இறகிலிருந்து பல எழுதுமுனைகளை வெட்டித் தண்டில் செருகி எழுதும் முறை.
1812 இல் தெருக்களுக்கு அடியில் குழாய்கள் பதித்து, உயர் அழுத்த நீரின் வழியே பல இடங்களுக்கும் ஆற்றலை வழங்கும் திட்டம்.

கடைசியாகக் கூறப்பட்ட திட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. ஆனால் 1883 இல் தொடங்கப்பட்ட இலண்டன் நீரியல் ஆற்றல் நிறுவனம் இதே முறையில் மின்தூக்கிகளுக்கு முற்பட்ட மாடித்தூக்கிகளையும் பாரந்தூக்கிகளையும் இயக்கியது. அது 1977 வரை செயல்பட்டது.

இறுதிக்காலம்

பிராமாவின் இறுதி முயற்சிகளுள் ஒன்று மரங்களை வேரோடு பிடுங்கும் நீரியல் அழுத்தி. இது ஹாம்ப்சயரிலுள்ள ஹோல்ட் காட்டில் பயன்படுத்தப்பட்டது. அங்கு வேலையை நேரில் நின்று மேற்பார்த்தபோது அவருக்குச் சளி பிடித்தது. அது நுரையீரல் அழற்சியாக முற்றியது. டிசம்பர் 9, 1814 அன்று தமது 66 ஆம் வயதில் அவர் காலமானார். இலண்டன் பேடிங்டனிலுள்ள புனித மேரி தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரித்தானியா பாலம் கற்பித்த பாடம்

பிராமா மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின் அவரது அழுத்தி மிகப் பெரிய சோதனை ஒன்றைச் சந்தித்தது. வேல்சு நாட்டின் மெனாய் நீரிணைக்குக் குறுக்கே ராபர்ட் ஸ்டீபன்சன் இரும்புக் குழாய் வடிவிலான தொடர்வண்டிப் பாலத்தைக் கட்டினார். நீரிணைக்கு மேல் அமையும் ஒவ்வொரு குழாயும் 1,500 டன்னுக்கும் அதிக எடையுடையது. இவற்றைக் கரையில் செய்து, மிதவைகளில் கொண்டுவந்து, கோபுரங்களின்மேல் அமைத்த நீரியல் அழுத்திகளால் ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருந்தது.

அழுத்தியின் ஆற்றலில் ஐயமில்லை. எனினும் ஸ்டீபன்சன் ஒரு கட்டுப்பாட்டை விதித்தார். குழாய் சிறிது சிறிதாக உயர உயர, அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்து வர வேண்டும். எந்த நேரத்திலும் குழாய்க்கும் முட்டுக்கும் இடையே சில அங்குல இடைவெளிக்கு மேல் இருக்கக்கூடாது. இதனால் வேலை தாமதமானது.

ஆகத்து 17, 1849 அன்று, தூக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அழுத்தி ஒன்றின் வார்ப்பிரும்பு உருளையின் அடிப்பகுதி பிளந்து விழுந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குழாயோ, அடியில் காத்திருந்த முட்டின்மேல் சில அங்குலங்கள் மட்டும் இறங்கி நின்றது. முட்டு இல்லாதிருந்தால் அக்குழாய் நீரிணைக்குள் வீழ்ந்து நொறுங்கியிருக்கும். உருளை மாற்றப்பட்டு வேலை தொடர்ந்தது. 1850 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. 1970 இல் நேர்ந்த தீ விபத்தில் இக்குழாய்கள் சிதைந்ததால் பாலம் வேறு வடிவில் மீண்டும் கட்டப்பட்டது.

தூக்குவதற்கு நீர்மம், தாங்குவதற்குத் திண்மம் என்னும் இவ்விதி இன்று வீட்டில் மகிழுந்தைப் பழுதுபார்ப்பவருக்கும் பொருந்தும்.

அழுத்தியிலிருந்து தரை ஜாக்கி வரை

பிராமாவின் பொறி ஓரிடத்தில் நிறுவப்படும் பெரிய பொறியாக இருந்தது. அதை ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர், ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய ரிச்சர்ட் டட்ஜன். இவர் 1851 இல் கையடக்க நீரியல் தூக்கிக்குக் காப்புரிமம் பெற்றார். பம்பு, நீர்மத் தொட்டி, உந்துதண்டு மூன்றும் ஒரே உடலுக்குள் அடங்கின. இங்கிலாந்தில் டாங்கி சகோதரர்கள் செய்த நீரியல் தூக்கிகள், கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலை நீரில் இறக்கும் வேலையில் 1857–58 இல் புகழ்பெற்றன. நாளடைவில் நீருக்குப் பதிலாக எண்ணெய் இடம்பெற்றது. எண்ணெய் துருவைத் தடுப்பதோடு நகரும் பாகங்களுக்கு உயவுப் பொருளாகவும் பயன்படுகிறது.

இன்று வீடுகளில் மூன்று வகைத் தூக்கிகள் காணப்படுகின்றன. மகிழுந்துடன் வரும் திருகு ஜாக்கியில் நீர்மம் இல்லை. அதன் அடிப்பாகம் குறுகியது. வழியில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. பாட்டில் ஜாக்கியில் உந்துதண்டு செங்குத்தாக நிற்கும். இது சிறிய உருவில் மிகுந்த எடையைத் தூக்கும். ஆனால் இதன் தாழ்ந்த நிலையே உயரமாக இருப்பதால் தாழ்வான மகிழுந்தின் அடியில் நுழையாது. ட்ராலி ஜாக்கி எனப்படும் தரை ஜாக்கியில் உருளை படுக்கையாக அமைந்து, உந்துதண்டு ஒரு நெம்புகையைத் தள்ளி உயர்த்தும். அகன்ற அடிப்பாகமும் நான்கு சக்கரங்களும் இருப்பதால் மூன்றனுள் இதுவே வீட்டு வேலைக்கு ஏற்றது.

தரை ஜாக்கியைத் தேர்ந்தெடுக்கையில் பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

தாங்குதிறன்: ஒரு மூலையைத் தூக்கும்போது வண்டியின் முழு எடையும் ஜாக்கியின்மேல் வருவதில்லை. இருப்பினும் வண்டியின் முழு எடைக்குக் குறையாத திறனுள்ள ஜாக்கியைக் கொள்வது பாதுகாப்பான வழக்கம். ஒரு டன் அளவுள்ள சிறிய மகிழுந்துக்கு 2 டன் ஜாக்கி போதுமானது. கனமான வண்டிகளுக்கு 3 டன் ஜாக்கி பொருந்தும்.

தாழ்ந்த உயரம்: முழுதும் இறக்கிய நிலையில் ஜாக்கியின் தலை வண்டியின் தூக்குமிடத்துக்கு அடியில் நுழைய வேண்டும். சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தால் வண்டி மேலும் தாழ்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உச்ச உயரம்: வண்டியின் உடல் உயரத் தொடங்கியதும் சக்கரம் உடனே தரையை விட்டு எழுவதில்லை, சுருள்வில் விரியும் அளவும் கூட வேண்டும். மேலும் தாங்கு ஸ்டாண்டின் மிகத் தாழ்ந்த நிலையைவிட உயரமாக ஜாக்கி தூக்க வேண்டும். இல்லாவிடில் ஸ்டாண்டை அடியில் வைக்க இயலாது.

எடை: எஃகு ஜாக்கி உறுதியானது, விலை குறைந்தது, ஆனால் கனமானது. அலுமினிய ஜாக்கி இலேசானது, விலை கூடியது. ஓரிடத்திலேயே வைத்திருப்பவருக்கு எஃகும், அடிக்கடி தூக்கிச் செல்பவருக்கு அலுமினியமும் ஏற்றவை.

மிகைச்சுமை வால்வு: அளவுக்கு மீறிய சுமை வந்தால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி மேலும் தூக்காமல் தடுப்பது இது. தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட இதன் திருகைத் தொடலாகாது.

பயன்படுத்துகையில் வண்டி கெட்டியான சமதளத்தில் நிற்க வேண்டும். கைத்தடையை இழுத்து, தரையிலேயே இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே ஜாக்கியின் தலையைப் பொருத்த வேண்டும். நெம்புகை உயரும்போது அதன் தலை ஒரு வில் போன்ற பாதையில் செல்கிறது. எனவே ஜாக்கியின் சக்கரங்கள் தடையின்றி உருண்டு இடங்கொடுக்க வேண்டும். மணலிலோ சல்லியிலோ அவை சிக்கினால் தலை தூக்குமிடத்திலிருந்து நழுவக்கூடும்.

வண்டி உயர்ந்ததும் இரும்பு ஸ்டாண்டுகளை அடியில் வைத்து, எடையை அவற்றின்மேல் மெல்ல இறக்க வேண்டும். ஜாக்கி மட்டுமே தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது. தேய்ந்த ஒரு வளையமோ வால்வில் சிக்கிய ஒரு துகளோ போதும், வண்டி இறங்கிவிடும். அது மெல்லவும் இறங்கலாம், சட்டென்றும் இறங்கலாம். செங்கல்லும் காரைக்கல்லும் முட்டாகப் பயன்படா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஸ்டாண்டையும் ஆராய்ந்தே வாங்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்பட்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகள், அவற்றின் பற்பூட்டு நழுவக்கூடும் என்று தெரியவந்ததால் 2020 இல் திரும்பப் பெறப்பட்டன. பற்பூட்டுடன் குறுக்கு ஊசியும் செருகும் வகை கூடுதல் காப்பளிக்கும்.

ஜாக்கியில் அதற்குரிய நீரியல் எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் அதன் இரப்பர் வளையங்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். வேலை முடிந்தபின் உந்துதண்டை முழுதும் உள்ளிறக்கி வைத்தால் அது துருப்பிடிக்காது; துருப்பிடித்த தண்டு வளையத்தைக் கிழிக்கும்.

மரபு

பிராமாவின் பெயர் இன்று பெரும்பாலும் பூட்டோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. ஆனால் உலகில் மிகப் பரவியது அவரது அழுத்தியே. மகிழுந்தின் தடை அமைப்பு, மண்வாரிப் பொறி, சரக்குந்தின் சாய்க்கும் பெட்டி, வானூர்தியின் இறங்கு சக்கரம் எனப் பலவும் அதே விதியால் இயங்குகின்றன. இவை அனைத்திலும் பெரும் விசையை அடக்கி நிற்பது, சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு கசிவுத் தடுப்பு வளையமாகும். அவ்வளையம் என்றேனும் தேயும் என்பதை அறிந்தே, தூக்கிய எடைக்குத் தனியே முட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.